இருதயத்தின் வரைபடமும் ஒரு சகோதரரின் சாட்சியும்

ஆவி, ஆத்துமா, சரீரம்: மாதந்தோறும் சுகவாழ்வுப் பகுதி

இம்மாதம் மும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை, அவர்களுடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து இங்கே தருகிறோம்.

“அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம். என் கணவருக்கு வயது 58. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஒரு வருஷமாக நெஞ்சு படபடப்பு வந்து வந்து போகிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பைச் சீராக்கக் கொடுத்த மருந்துகளுக்கு அது அடங்காதபடியால் அப்லேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் இருதயத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டுமாம். போன வருஷம்தான் ஆஞ்சியோகிராம் எடுத்து அடைப்பில்லை என்றார்களே, பின்னை எதற்கு இன்னொரு ஸ்கேன்? காசு பிடுங்கவா? இதற்கிடையில் நாங்கள் ஊருக்குப் போனபோது கன்வென்ஷன் கூட்டத்தில் அவருக்காக ஜெபித்தார்கள். அன்றுமுதல் படபடப்பு இல்லை. அவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். இனி மாத்திரை போட்டால் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரமாகிறது. எனக்குப் பயமாயிருக்கிறது. பயப்படுவது அவிசுவாசமா?”

இக்கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தச் சகோதரியோடு தொலைபேசியில் பேசினோம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கத்தக்க காரியம் இதுவல்ல. ஆயினும் இதே நிலையில் நம் சபைகளில் வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால், அவர்களோடு பேசியதை விரிவாக எழுதுகிறோம்.

நடுங்கும் மேலறை

நம்முடைய இருதயத்துக்கு நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. சுகமான இருதயத்தில் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு பகுதியிலிருந்து மின்துடிப்பு புறப்பட்டு, மேலறைகள் முதலிலும் கீழறைகள் அடுத்தபடியாகவும் ஒழுங்காய்ச் சுருங்குகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. மேலறைகளில் நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்துடிப்புகள் ஓடுகின்றன. அறை சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. கையில் நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் ஒருபோதும் ஒன்றாயிராது.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடலைப்போன்ற ஒரு சிறு பை உண்டு. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு இடது மேலறையில் உண்டாகும் இரத்தக் கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் உருவாகின்றன. அப்படிப்பட்ட ஒரு கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்த வியாதியுள்ளவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1991-ல் தெரிவித்தது. ஆகையால் இந்த வியாதியில் படபடப்பைவிட அதிகம் பயப்படவேண்டியது இரத்தக் கட்டிக்கே. படபடப்பை மனிதன் உணருகிறான். கட்டி உருவாவதை எவனும் உணருகிறதில்லை.

நமது தேசத்தில் இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலினால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் இந்தத் துடிப்புக் கோளாறு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சிகிச்சையின் வழி வேறு. புதிய வகை மாத்திரைகளைவிட வார்ஃபரின் போன்ற பழைய மருந்தே அவர்களுக்கு ஏற்றது என்று 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டியிருந்தாலும் அவர்கள் சலித்துப்போகலாகாது.

நெருப்பு பற்றும் இடம்

பல ஆண்டுகளாக இந்த நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்பது மறைவாயிருந்தது. 1998-ல் பிரான்ஸ் தேசத்தின் போர்டோ நகரத்து வைத்தியர் மிஷேல் ஐசகேரும் அவருடைய உடன் ஊழியரும் 45 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் தப்பான துடிப்புகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவந்து இடது மேலறையில் ஊற்றும் சிரைகளுக்குள்ளேயிருந்து புறப்படுகின்றன என்று கண்டார்கள். ஒரு வீட்டில் அடிக்கடி தீப்பற்றுகிறது. காரணம் அடுப்படியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதைப்போல இருந்தது அது.

அதற்குப்பின் சிகிச்சையின் வழி தெளிவாயிற்று. தொடையிடுக்கிலுள்ள சிரை வழியாக ‘கதீட்டர்’ என்னும் மெல்லிய கம்பிக்குழாயை இருதயத்துக்குள் செலுத்துகிறார்கள். வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு இடதுபுறம் நுழைகிறார்கள். நுரையீரல் சிரைகள் திறக்கும் வாய்களைச் சுற்றிலும் வெப்பத்தினாலோ கடுங்குளிரினாலோ மெல்லிய தழும்பை உண்டாக்குகிறார்கள். தழும்பின் வழியாக மின்சாரம் பாயாது. ஆகவே சிரைக்குள் எழும்பும் தப்பான துடிப்பு உள்ளேயே அடைபட்டுப்போகிறது. இதுவே அப்லேஷன்.

ஆஞ்சியோகிராம் இருக்க ஸ்கேன் எதற்கு?

சகோதரியின் முதல் கேள்விக்கு வருவோம். ஆஞ்சியோகிராம் பார்ப்பது வேறு, இந்த ஸ்கேன் பார்ப்பது வேறு. இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகளில் அடைப்பு உண்டா என்று ஆஞ்சியோகிராம் பார்க்கிறது. இந்த சி.டி. ஸ்கேனோ இடது மேலறையையும் நுரையீரல் சிரைகளையும் பார்க்கிறது. அந்தப் பழைய படத்தைக்கொண்டு இந்த வேலையைச் செய்ய இயலாது.

பாடப்புத்தகத்தில் நுரையீரல் சிரைகள் நான்கு என்று படிக்கிறோம். வலதுபுறம் இரண்டு, இடதுபுறம் இரண்டு. பெரும்பாலானோருக்கு அப்படியே. சிலருக்கு இடதுபுறத்து இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே வாயாகத் திறக்கும். சிலருக்கு வலதுபுறம் மூன்றாவதாக ஒரு சிறு சிரை இருக்கும். வாய்களின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். தாயின் கர்ப்பத்தில் தான் உருவாக்கப்பட்ட விதத்தை நினைத்துத் தாவீது 139-ம் சங்கீதத்தில் வியந்து துதித்தான் அல்லவா? உங்கள் இருதயத்தின் உள்ளமைப்பும் அப்படியே தனித்தன்மையோடு வனையப்பட்டிருக்கிறது. அந்தத் தனித்தன்மையை அறியாமல் ஒருவர் உள்ளே கம்பியைக் கொண்டுபோவது நல்லதா, அறிந்து கொண்டுபோவது நல்லதா?

ஸ்கேன் எடுக்கும்போது கை நரம்பின் வழியாக அயோடின் கலந்த ‘கான்ட்ராஸ்ட்’ மருந்தைச் செலுத்துவார்கள். சில நொடிகள் மூச்சை அடக்கச் சொல்வார்கள். இயந்திரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கும். அதற்குப்பின் கம்ப்யூட்டர் மென்பொருளின் வேலை தொடங்குகிறது. மருந்து நிறைந்த இரத்தம் படத்தில் வெண்மையாய்த் தெரிவதால், அந்த வெண்மையின் எல்லையைப் பின்பற்றி, இடது மேலறையைச் சுற்றியுள்ள மற்ற உறுப்புகளிலிருந்து மென்பொருள் அதைத் தனியே பிரித்தெடுக்கிறது. வெட்டுப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி முப்பரிமாண உருவமாக்குகிறது. மென்பொருள் தவறாய்ப் பிரித்த இடங்களைத் தேர்ந்தவர்கள் கையால் திருத்துகிறார்கள். வைத்தியர் அந்த உருவத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அறைக்குள் நின்று சிரைகளின் வாய்களைப் பார்ப்பதுபோலவும் பார்க்கலாம்.

மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் சில மில்லிமீட்டர் தூரத்தில் செல்லுகிறது. பின்சுவரில் அளவுக்கு மிஞ்சி வெப்பம் கொடுத்தால் உணவுக்குழாய் பாதிக்கப்படும். மிக அரிதாக இரண்டுக்கும் நடுவே துவாரம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிறது. உணவுக்குழாய் எந்தப் பக்கமாய்ச் செல்லுகிறது என்பதையும் ஸ்கேன் காட்டுகிறது.

கர்மேல் மலையடியிலிருந்து வந்த ஒரு கருவி

படம் வெளியே திரையில் இருக்கிறது. கம்பியோ உள்ளே துடிக்கிற இருதயத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது எப்படி? சாதாரண எக்ஸ்ரேயில் கம்பி கருப்பாய்த் தெரியும். ஆனால் இருதயச் சுவர் தெளிவாய்த் தெரியாது. முற்காலத்தில் வைத்தியர்கள் அந்த நிழலையும் தங்கள் அனுபவத்தையும் நம்பியே வேலை செய்தார்கள்.

இஸ்ரவேல் தேசத்தில் கர்மேல் மலைச்சரிவிலுள்ள ஹைஃபா நகரத்து டெக்னியன் கல்விநிலையத்தில் ஷ்லோமோ பென்-ஹைம் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் ஒரு வழியை உண்டாக்கினார்கள். நோயாளி படுத்திருக்கும் மேஜையின் அடியிலிருந்து மிகப் பலவீனமான காந்தப்புலங்கள் எழும்புகின்றன. கம்பியின் நுனியிலுள்ள மிகச் சிறிய உணர்கருவி அவற்றை அளக்கிறது. அந்த அளவுகளைக்கொண்டு நுனி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தோடு கணக்கிடுகிறது. நுனி சுவரை ஒவ்வொரு இடமாய்த் தொடத் தொட, புள்ளி புள்ளியாய் அறையின் வடிவம் திரையில் எழும்புகிறது. அந்தந்த இடத்தின் மின்துடிப்பும் வண்ணங்களாய்ப் பதிவாகிறது. ‘கார்ட்டோ’ என்னும் பெயரில் இந்த முறை உலகமெங்கும் பரவியது. காந்தத்துக்குப் பதிலாக மெல்லிய மின்னோட்டத்தைக்கொண்டு இடம் அறியும் வேறு கருவிகளும் உண்டு.

2000-களின் நடுப்பகுதியில் இந்த இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பொருத்தும் மென்பொருள் வந்தது. சிரைகளின் வாய் போன்ற அடையாளமான இடங்களைக் கம்பியால் தொட்டு, ஸ்கேன் உருவத்தில் அதே இடங்களோடு பொருத்துகிறார்கள். பின்பு மற்றப் புள்ளிகளையும் சுவரோடு ஒட்டவைக்கிறார்கள். அதற்கப்பால் கம்பி நகருவதை நோயாளியின் சொந்த இருதயத்தின் உருவத்துக்குள்ளேயே வைத்தியர் காண்கிறார். எக்ஸ்ரே பயன்படுத்தும் நேரமும் இதனால் குறைகிறது.

வரைபடத்துக்கும் எல்லை உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் நாம் உண்மையை மறைத்தவர்களாவோம். ஸ்கேன் எடுக்கப்படுவது ஒரு நாளில். சிகிச்சை நடப்பது வேறொரு நாளில். அந்த நாளில் இருதயத்தின் துடிப்பு, மூச்சின் ஆழம், உடலிலுள்ள நீரின் அளவு யாவும் மாறியிருக்கலாம். ஆகையால் இரண்டு படங்களும் சில மில்லிமீட்டர்கள் விலகிநிற்கக்கூடும். நல்ல வைத்தியர் படத்தை மாத்திரம் நம்பாமல், கம்பியின் தொடுதலையும், இருதயத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் எக்கோ கருவியையும் கொண்டு சரிபார்க்கிறார். ஸ்கேன் படத்தைப் பொருத்தியதால் முடிவுகள் மேம்படவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஸ்கேன் இல்லாமலே எக்கோவைக்கொண்டு நன்றாய்ச் செய்கிற இடங்களும் உண்டு. உங்கள் வைத்தியர் ஸ்கேன் கேட்காவிட்டால் கலங்கவேண்டாம். கேட்டால் சந்தேகப்படவும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் தழும்புகளைக் குறிவைத்துக் கூடுதலாய்ச் சிகிச்சை செய்தால் நலமா என்று 843 பேரிடம் ஆராய்ந்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் சிகிச்சை பெற்றவர்களில் 43 சதவீதம் பேருக்கும், சிரைகளை மாத்திரம் தனிமைப்படுத்தியவர்களில் 46 சதவீதம் பேருக்கும் துடிப்புக் கோளாறு திரும்பவும் வந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இவர்கள் யாவரும் நடுக்கம் நீடித்து நிற்கும் வகையினர். இதிலிருந்து இரண்டு காரியங்களை அறிகிறோம். படம் அதிகம் காட்டுவதால் மாத்திரம் சுகம் அதிகமாகாது. அப்லேஷனுக்குப் பின்னும் வியாதி திரும்பலாம்; சிலருக்கு இரண்டாம் முறையும் செய்யவேண்டிவரும்.

அந்த மூன்று வாரங்கள்

இப்போது மாத்திரையின் காரியம். அப்லேஷனுக்கு முன் குறைந்தது மூன்று வாரங்களாவது இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தவறாமல் எடுத்திருக்கவேண்டும் என்று வைத்தியர்கள் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். ஏன்? மேலறைப் பையில் கட்டி இருக்கும்போது கம்பி உள்ளே சென்றால் அது பெயர்ந்து மூளைக்குப் போகக்கூடும். நம் சகோதரர் எந்த மூன்று வாரங்களில் மாத்திரை எடுத்திருக்கவேண்டுமோ, அதே மூன்று வாரங்களில் நிறுத்திவிட்டார். வைத்தியருக்கோ அது தெரியாது. “மாத்திரை எடுக்கிறீர்களா?” என்று கேட்கும்போது வெட்கத்தினால் “எடுக்கிறேன்” என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு வார்த்தை என்ன செய்திருக்கும்!

படபடப்பு நின்றதே என்று கேட்கலாம். நின்றதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம். ஆனால் இந்த வியாதி பலருக்கு யாதொரு உணர்வுமின்றி, தூக்கத்திலும்கூட வந்துபோகிறது. ஆகவே உணர்வில்லாமை சுகத்துக்கு முழுச்சான்று ஆகாது. பக்கவாத ஆபத்து வயது, சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், இருதய பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் இவற்றைப் பொறுத்தது. அப்லேஷன் முடிந்தபின்பும் இரண்டு மூன்று மாதங்களாவது மாத்திரை தொடரவேண்டும். ஓராண்டுக்குமேல் வியாதி திரும்பாத சிலர் மாத்திரையை நிறுத்தலாம் என்று 2025-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்லுகிறது. அது வைத்தியர் உங்களைச் சோதித்துப் பார்த்து எடுக்கவேண்டிய தீர்மானம்.

சாட்சி பொய்யாகுமா?

அந்தச் சகோதரரை மாத்திரையை நிறுத்தும்படி ஊழியர் எவரும் சொல்லவில்லை. தாமே நிறுத்தினார். தேவனுடைய நாமம் தூஷிக்கப்படக்கூடாது என்கிற வைராக்கியமே காரணம். அந்த வைராக்கியத்தை நாம் அற்பமாய் எண்ணுகிறதில்லை.

ஆயினும் வேதத்தை ஆராய்ந்து பாருங்கள். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய நம் ஆண்டவர், அவனை உடனே ஆசாரியனிடத்தில் போய்த் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினார். தாம் கொடுத்த சுகம் சோதித்துப் பார்க்கப்படுவதை அவர் விரும்பினார். லேவியராகமத்தில் ஆசாரியன் ஒருமுறை பார்த்து நிறுத்திவிடுகிறதில்லை. ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறான். மெய்யான சுகம் சோதனைக்குப் பயப்படாது. இ.சி.ஜி.யும், பல மணிநேரம் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியும் அப்படிப்பட்ட இரண்டாம் பார்வையே. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டித்தரப்படும் என்று வாக்குக் கொடுத்த தீர்க்கதரிசியே, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கவும் சொன்னான். வாக்குத்தத்தமும் மருந்தும் அந்தப் படுக்கையருகே சண்டையிடவில்லை.

சகோதரியே, உங்கள் பயம் அவிசுவாசமல்ல. கணவரின் ஜீவனைக் குறித்த பாரம். பாரத்தை ஜெபத்திலும் சொல்லுங்கள், வைத்தியரிடத்திலும் சொல்லுங்கள்.

கவனிக்கவேண்டியவை

1. மாத்திரையைத் தவறவிட்டிருந்தால், எத்தனை நாள் என்பதை ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் முன் ஒளிக்காமல் சொல்லுங்கள். தொண்டை வழியாகப் பார்க்கும் எக்கோவினால் கட்டி உண்டா என்று சோதித்துக்கொள்வார்கள்.

2. சிறுநீரகக் கோளாறு, கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பது இவற்றை ஸ்கேன் எடுக்குமுன் தெரிவியுங்கள்.

3. ஸ்கேனின் ஃபிலிமோடும் ரிப்போர்ட்டோடும் திரும்பிவிடாமல், முழுப் படங்களும் பதிவான டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குப் போய் வேறு வைத்தியரிடம் காட்டவேண்டியிருந்தால் அதுவே உதவும்.

4. சம்மதப் பத்திரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால், புரியாமல் கையெழுத்திடவேண்டாம். மொழி அறிந்த சபைப் பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

5. அப்லேஷனுக்குப்பின் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பேச்சுக் குளறல், கைகால் பலவீனம் எது வந்தாலும் உடனே சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே செல்லுங்கள். வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் அப்லேஷன் செய்ததை முதலாவது சொல்லுங்கள். அதை அறியாமல் தொண்டை வழியாக எண்டோஸ்கோப்பி செய்வது ஆபத்தாகலாம்.

நாங்கள் பேசிய மறுநாளே அந்தச் சகோதரர் மனைவியோடு வைத்தியரிடம் சென்று நடந்ததைச் சொன்னார். வைத்தியர் கோபிக்கவில்லை. அன்று எடுத்த இ.சி.ஜி. சீராயிருந்தது. மாத்திரையை அன்றே மறுபடியும் தொடங்கி, சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, ஹோல்டர் கருவியையும் பொருத்தியிருக்கிறார்கள். “அடுத்த முறை சாட்சி சொல்லும்போது மாத்திரையையும் சேர்த்தே சொல்லுவேன்” என்று சகோதரர் தொலைபேசியில் சொன்னார். அவருக்காகவும், அவரைப்போலத் தூரதேசத்து மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்காகவும் இம்மாதம் உங்கள் வீட்டு ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நம் இருதயத்தை வனைந்த தேவன்தாமே அதைத் தொடுகிற கைகளுக்கும் ஞானம் தருவாராக. ஆமென்.